காந்தம் ஒட்டாத கப்ளர்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், ஒருத்தி என் தங்கை விட்டுப்போனவள். ஐந்து பேரும் சாப்பிட்டது திருப்பதியில் நான் போட்ட பாத்திரக் கடையிலிருந்துதான். கடை என்றால் கதவும் பூட்டும் வைத்த கடை இல்லை. கோயில் வீதி ஓரத்தில் ஒரு கட்டில், அதன் மேல் செம்புச் சொம்பும் பித்தளை விளக்கும், தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய். மலைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்ப யாருக்கும் மனசு வராது. அந்த மனசுதான் எனக்கு வியாபாரம்.

எழுத்து எனக்கு அதிகம் வராது. தமிழில் என் பெயரை எழுதுவேன். பஸ் பலகை தெலுங்கில் இருந்தால் முதல் எழுத்தைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிப்பேன். எண் மட்டும் எவ்வளவு பொடியாக எழுதியிருந்தாலும் படித்துவிடுவேன். இன்னொன்றும் படிப்பேன், அது உலோகம். என் சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காந்தம் இருக்கும். பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து எடுத்தது. மொத்த வியாபாரி கொண்டுவந்து இறக்குகிற சரக்கில் காந்தத்தைக் காட்டுவேன். நல்ல பித்தளை, நல்ல செம்பு என்றால் ஒட்டாது. இரும்புத் தகட்டுக்குச் செம்புத் தண்ணீர் காட்டிக் கொண்டுவந்திருந்தால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த வியாபாரி என்ன பேசினாலும் என் காதில் விழாது.

இப்போது கடை இல்லை. சித்தூரில் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் சொந்தமாகக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான். மலைக்குப் போகிறவர்கள், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், எல்லாரும் அவனைக் கூப்பிடுவார்கள். மருமகளின் தம்பி திருப்பதியில் கார்களுக்குப் பாட்டுப் பெட்டி மாட்டுகிற கடை வைத்திருக்கிறான். போன வருஷம் என் மகனின் காருக்கும் மாட்டினான். டிக்கியில் மேளத்தை அதிரவைக்கிற ஒரு பெரிய ஊஃபர் பெட்டி, பக்கத்தில் ஆம்ப்ளிபயர், முன்னால் இருக்கிற பேட்டரியிலிருந்து அதுவரைக்கும் என் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு ஒயர்.

காசு வாங்க மாட்டேன் என்றான். "மாமாவுக்குச் செய்யறேன், இதுல இன்னா இருக்குது" என்றான்.

எனக்கு அங்கேயே உறுத்தியது. சும்மா கொடுக்கிற சொம்பைக் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கடையில் போகாமல் கிடக்கிற சரக்கைச் சொந்தக்காரன் தலையில் கட்டிவிட்டு, உனக்காகத்தான் என்பார்கள். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாத நேரம் அது. பேரனுக்கு மலையில் மொட்டை போடுவதென்று வேண்டுதல். எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் மொட்டை. அந்த ஒரு தாய்மாமன் இவன்தான். இவன் முகத்தைச் சுளித்தால் பிள்ளையின் தலையில் முடி அப்படியே இருக்கும்.

அப்புறம் ஒருநாள் நான் அந்தக் காரில் திருப்பதிக்கு, பெரிய மகள் வீட்டுக்குப் போனேன். பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு சத்தமாக ஓடியது. சந்திரகிரி தாண்டும்போது பாட்டு விக்கியது. மேளம் ஓங்கி அடிக்கிற இடத்தில் சட்டென்று நின்று, பிறகு தானாகப் பிடித்துக்கொண்டது. மறுபடியும் மேளம் வந்தது, மறுபடியும் விக்கல். அப்போது ஒரு வாடை வந்தது. குக்கர் கைப்பிடியை அடுப்பு நெருப்பு தொட்டால் வருமே, அந்த வாடை.

"இன்னாடா காயுது?" என்று கேட்டேன்.

"ஊதுபத்திமா. முன்னாடி கொளுத்தி வெச்சிக்கிறேன் பாரு."

"ஊதுபத்தி எனக்குத் தெரியாதா? இது வேற."

"நீ மூக்க மூடிக்கினு தூங்கு. ஊரு வந்தா எழுப்பறேன்."

நான் தூங்கவில்லை. ஊதுபத்தியை மல்லி வாசனையில் ஏற்றியிருந்தான். மல்லி முன்னாலிருந்து வந்தது, கைப்பிடி வாடை என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மொட்டை போடப் போகும்போது மருமகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதே இடத்தில்தான் உட்காருவாள். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஏறும்போது பின்னால் நெருப்புப் பிடித்தால் வண்டியை எங்கே ஓரம் கட்டுவது? அதற்குப் பிறகு வழியெல்லாம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மகள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவன் உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் நானே டிக்கியைத் திறந்தேன். சிவப்பு ஒயர் சீட்டுக்குப் பின்னால் மேலே ஏறி ஆம்ப்ளிபயருக்குப் போகிறது. வழியில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன இணைப்பு. இழுத்தால் இரண்டாகக் கழன்றுவரும், அழுத்தினால் சேர்ந்துகொள்ளும். கப்ளர் என்கிறார்கள் அதை. வெள்ளை முழுக்க வெள்ளையாக இல்லை. ஓரம் டீ சிந்தின மாதிரி பழுத்திருந்தது. தொட்டேன். காப்பி ஊற்றின டம்ளர் மாதிரி சுட்டது.

மாட்டினான் போலிச் சரக்கை என்று நினைத்தேன். சந்தோஷம் என்று சொல்லக் கூடாது, ஆனால் என் மூக்கு பொய் சொல்லவில்லை என்கிற ஒரு திருப்தி. கப்ளரை இழுத்துக் கழற்றினேன். உள்ளே மஞ்சளாய் இரண்டு பின். சுருக்குப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்தேன்.

ஒட்டவில்லை.

திருப்பி வைத்தேன், பக்கவாட்டில் வைத்தேன். ஒட்டவே இல்லை. சுத்தமான பித்தளை. நான் கடை வைத்த காலத்தில் இப்படிப்பட்ட பித்தளை வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன். பிளாஸ்டிக்கின் முதுகில் பொடியாக ஓர் எண் மேலெழும்பி இருந்தது. விரலால் தடவிப் பார்த்துப் பிறகு கண்ணால் படித்தேன். பதினைந்து.

எங்கள் வீட்டுக் கிரைண்டருக்குப் பெரிய பிளக் போட வந்த எலெக்ட்ரீசியன், இது பதினைந்து ஆம்பியர், இதுதான் தாங்கும் என்று சொன்னது ஞாபகம் வந்தது. மாவு அரைக்கிற கல்லையே சுற்ற வைக்கிற எண், ஒரு பாட்டைத் தாங்காதா? பித்தளையும் சரி, எண்ணும் சரி. அப்படியானால் ஏன் சுடுகிறது? பொருளும் நல்லதாக இருந்து ஆளும் நல்லவனாக இருந்தால் நான் யாரைச் சந்தேகப்படுவது? எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மகன் வந்தான். காட்டினேன்.

"பன்னெண்டு வோல்ட்டுமா இது. கையில புடிச்சாகூட ஷாக் அடிக்காது. நீ இன்னாத்துக்கு டிக்கியெல்லாம் தொறக்கற?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். என் முகத்தைப் பார்க்காமல் சாத்தினான். அதையும் மனசில் போட்டுவைத்தேன்.

சித்தூருக்குத் திரும்பியதும் ஒரு நாள் ஆட்டோ பிடித்து, கார் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் தெலுங்குக்காரர். என் மூத்த மகன் வயது இருக்கும்.

"கூர்ச்சோ பெத்தம்மா. ஏம் காவாலி?" என்று உட்காரச் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

நான் சொன்னேன். சுண்டுவிரல் ஒயர், வெள்ளைக் கப்ளர், பதினைந்து, சூடு, பாட்டு விக்கல். கிரைண்டர் பிளக்கையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று நிறுத்திக்கொண்டார்.

"பெத்தம்மா, வீட்டுல வர்ற கரண்டு மேல டாங்கிலேர்ந்து கொட்டற நீளு, தண்ணி. கொஞ்சம் வந்தாலே ஜோரு. கார்ல இருக்கறது தரைமேல நடக்கற நீளு. ஜோரு லேது, இல்ல. அதே வேல செய்யணும்னா நெறைய வரணும். நெறைய வரணும்னா போற வழி பெருசா இருக்கணும். வீட்டுல பதினைஞ்சு ரொம்ப எக்குவ, ஜாஸ்தி. கார்ல பெரிய பெட்டிக்கு அது சாலாது, பத்தாது."

"அப்ப எவ்ளோ வேணும்னு எப்பிடித் தெரியும்?"

"பேட்டரி பக்கத்துல ஒரு பியூஸ் இருக்கும். அதுல எண்ணு இருக்கும். வழியில எங்க ஜாயிண்ட் போட்டாலும் அந்த எண்ணுக்குக் கம்மியா போடக்கூடாது."

"அதிகமா சூடானா அந்த பியூசு போயிடாதா?"

"அதுக்குச் சூடு தெரியாது பெத்தம்மா. எவ்ளோ போவுதுன்னு மட்டும்தான் தெரியும். அது எண்ணு வரைக்கும் வுட்டுக்கினேதான் இருக்கும். நடுவுல சின்னது இருந்தா அது உருகிக்கினே இருக்கும், பியூசு பாத்துக்கினே இருக்கும்."

கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் கடையில் ஒரு படி பிடிக்கிற சொம்பு இருந்தது, அதைவிடச் சுத்தமான செம்பு திருப்பதியில் கிடையாது. அதற்காக அதில் கல்யாணச் சாம்பார் வைக்க முடியுமா? இத்தனை வருஷம் பொருள் மெய்யா பொய்யா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெய்யான பொருளே சின்னதாக இருக்கலாம் என்று காந்தம் எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைப்பது என் வேலை. அந்த வாரம், "முன்னாடி மூடியத் தொறடா, இஞ்சினுக்கும் வெக்கறேன்" என்றேன்.

"இன்னா புதுசா?"

"மலைக்குப் போற வண்டி. தொற."

திறந்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு மூடி, அதற்குள் பியூஸ். குங்குமத்தை வைக்கிற சாக்கில் குனிந்து படித்தேன். அறுபது. பின்னால் பதினைந்து.

அன்றைக்கே கடைக்குப் போய் அறுபதுக்கு மேலே கொடுங்கள் என்றேன். இரண்டு கப்ளர் எடுத்துப் போட்டார். ஒன்றில் நூறு என்று பெரிதாக எழுதியிருந்தது. இன்னொன்றில் எழுபத்தைந்து என்று சின்னதாக. காந்தத்தை எடுத்தேன். நூறு தாவி வந்து ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் அதை எடுத்து மேசைக்குக் கீழே போட்டார். எழுபத்தைந்து ஒட்டவில்லை. அதை வாங்கிக்கொண்டேன். நல்லவர்தான் அவர், ஸ்டூலைத் துடைத்துப் போட்டவர். ஆனாலும் காந்தத்தைப் பைக்குள் வைக்க அவசரப்படக் கூடாது.

இனி அந்தத் தாய்மாமனைக் கேட்க வேண்டும். அறுபதுக்குப் பின்னால் பதினைந்தை எப்படி மாட்டினான்? தெரியாமலா, கையில் கிடந்ததைப் போட்டானா? மொட்டைக்கு நாள் பார்த்துப் பேசலாம் வா என்று மருமகளை விட்டுச் சொல்லியனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான். கோழிக்குழம்பு வைத்தேன். மகனும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பரிமாறினாள்.

"இன்னும் ஒரு கரண்டி போடு. நல்லா துன்னட்டும்" என்றேன். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரை காத்திருந்தேன். சாப்பிடுகிறவனைக் கேள்வி கேட்கக் கூடாது. பிறகு கேட்டேன்.

"ஏம்பா, அறுபது ஆம்பியர் பியூசுக்குப் பதினைஞ்சு ஆம்பியர் கப்ளர் போடலாமா?"

மகன் கை சோற்றிலேயே நின்றது. தாய்மாமன் என்னைப் பார்த்தான்.

"யாரு போட்டா, அத்தே?"

"நீதான் போட்டு வெச்சிக்கிற. தொட்டா சுடுது."

"அத்தே, எந்தம்பி வேலையப் பத்தியா பேசறீங்க?" என்றாள் மருமகள். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். எனக்கு அது போதும், கோபம் என்று புரிந்தது.

அவன் கையைக் கழுவிவிட்டு நேரே வண்டிக்குப் போனான். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். டிக்கியைத் திறந்து கப்ளரைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இது எங்கை வேலை இல்ல அத்தே. நான் போட்டது ஒரே ஒயர். பேட்டரியிலேர்ந்து ஆம்ப்ளிபயர் வரைக்கும் நடுவுல வெட்டே கெடையாது. ரெண்டு முனையிலயும் லக்குங்கற செம்பு வளையம் வெச்சு பிரஸ்ல அழுத்தினேன். இத யாரோ வெட்டி, பாதி இழையக் கத்தரிச்சுட்டு, முறுக்கி, கறுப்பு டேப்பு சுத்திக்கிறாங்க. நான் டேப்பு சுத்தவே மாட்டேன்."

என் மகன் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் இவன் கடையில் சொம்பைக் கீழே போட்டு நசுக்கிவிட்டு, இப்படித்தான் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"சொல்லுடா" என்றேன்.

"லக்கேஜ் நெறைய வந்தா டிக்கியில எடமில்ல மா. ஒவ்வொரு தபாவும் பெட்டியக் கழட்ட மச்சான் கடைக்கு ஓட முடியுமா? இழுத்தா வர்ற மாதிரி ஒண்ணு போட்டேன். கடையில நல்ல பித்தளைன்னு சொன்னான். நானும் ஒன்ன மாதிரிதான் காந்தம் வெச்சுப் பாத்தேன். ஒட்டல."

அது என் நெஞ்சில் வந்து நின்றது. ஐந்து பேரில் இவன் ஒருத்தன்தான் கடையில் என்னோடேயே உட்கார்ந்து வளர்ந்தவன். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல பொருள் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு யார்? நான் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"பின்ன ஊதுபத்தின்னு ஏண்டா சொன்ன?"

"நீ திட்டுவன்னு."

தாய்மாமன் டிக்கிக் கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான்.

"அப்ப என்னச் சந்தேகப்பட்டுத்தான் கூப்பிட்டு கோழி போட்டீங்களா, அத்தே?"

"சந்தேகப்பட்டேன். கோழி அதுக்காகப் போடல. நீ எந்நாளு வந்தாலும் கோழிதான்."

"எங்கக்காவக் குடுத்த ஊட்டுல நான் இரும்பக் குடுப்பேன்னு நெனச்சிட்டீங்க."

"நான் எல்லாரையும்தான் நெனைப்பேன். என்னப் பெத்தவளே குடுத்தாலும் காந்தம் வெச்சுத்தான் பாப்பேன். அது எங்கொணம். அதுக்காக நீ கொழந்தைய மடியில வெக்கமாட்டியா?"

மருமகள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் உள்ளே போய், வாங்கி வைத்திருந்த எழுபத்தைந்தைக் கொண்டுவந்தேன். அதோடு காந்தத்தையும் அவன் கையில் வைத்தேன்.

"இது நான் வாங்கினது. நீ சோதிச்சுப் பாரு. எங்கையில குத்தம் இருந்தா சொல்லு."

அவன் காந்தத்தைத் திருப்பி என்னிடமே கொடுத்தான். கப்ளரை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், உள்ளே விரல் நகத்தை விட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் என் முகம் தெரிந்தது. மொத்த வியாபாரி சரக்கை இறக்கும்போது நான் வைத்துக்கொள்கிற முகம்.

"கப்ளர் சரியானதுதான். ஆனா இதுக்குள்ள குடுத்துக்கிற பின் மெல்லிசு ஒயருக்கு. நம்ம ஒயர் இதுல பூராவும் போவாது. மறுபடியும் பாதி இழையக் கத்தரிக்கணும், மறுபடியும் சுடும். ஒங்களையும் ஏமாத்திட்டாங்க அத்தே" என்றான். கடைசி வார்த்தையில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

"அப்ப?"

"நம்ம கடையில பெரிய பின் கீது. நான் எடுத்தாறேன். பிரஸ்ஸும் எடுத்தாந்து இங்கயே போடறேன். மாமா தொடக்கூடாது."

எடுத்தாறேன் என்றால் வருகிறேன் என்று அர்த்தம். மருமகள் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு இலையை எடுக்கப் போனாள்.

சொன்னபடி வந்து போட்டான். பின் உள்ளே போவதற்கு முன்னால் ஒயரின் இழை ஒன்றுகூட வெளியே இல்லை என்று எனக்குக் காட்டினான். அழுத்தினபிறகு இழுத்துப் பாருங்கள் என்றான். இருக்கிற பலத்தை எல்லாம் வைத்து இழுத்தேன். வரவில்லை. மகன் தூரத்தில் நின்று பார்த்தான். அருகில் வர அவனுக்கு அனுமதி இல்லை.

மலைக்குப் போகிற அன்று நான் பின் சீட்டில் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கப்ளரை சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் என் கை எட்டுகிற இடத்தில் கட்டச் சொல்லியிருந்தேன். தாய்மாமன் முன்னால் உட்கார்ந்து பாட்டைச் சத்தமாக வைத்தான், வேண்டுமென்றேதான். வளைவுக்கு வளைவு மேளம் அடித்தது, ஒரு இடத்திலும் விக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நான் கையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"எப்பிடி கீது அத்தே?" என்று அவன் திரும்பாமலே கேட்டான்.

"இப்ப சரியா கீது. இன்னும் மலை பாக்கி கீது."

மேலே போய்ச் சேருகிற வரை அது வெதுவெதுப்புக்குக்கூட வரவில்லை. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, முதல் மயிர் விழுந்ததும் கத்தின கத்தலுக்கு ஊஃபர் பெட்டியே தோற்றது. அவன் பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான், அசையவிடவில்லை. வேட்டி முழுக்க முடி. எழுந்து உதறிவிட்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, அதன் மொட்டைத் தலையைக் குனியவைத்து, "காந்தம் வெச்சுப் பாக்கறீங்களா அத்தே?" என்றான். நான் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தேன்.

என் பெரிய மகளின் மகள் திருத்தணிப் பக்கம் தங்கித் தமிழில் படிக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான். நான் கொஞ்சம் நிறுத்தினாலும் அவள் பேனா நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறேன். நான் சொல்லாததை நீ என்னம்மா எழுதுகிறாய்? அந்தத் தாய்மாமன் மேல் நான் சந்தேகப்பட்டதைச் சின்னதாக்கி எழுதாதே, உன் மாமன், என் மகன், காந்தம் வைத்துப் பார்த்ததை விட்டுவிடாதே. எங்கே, முதலிலிருந்து மெதுவாகப் படி. நான் கேட்கிறேன்.